எரியும் முன்பா, எரிந்த பின்பா: ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தின் காட்டுக் கணக்கு

2010ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்துக்கு வடக்கே, யாரோ சரியாக அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பு ஒன்று காட்டைப் பற்றிக்கொண்டது. ஷுல்ட்ஸ் தீ என்று பெயர் பெற்ற அந்தத் தீ 15,000 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான காட்டை எரித்துவிட்டு அடங்கியது. அடிவாரத்தில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறியிருந்தன. திரும்பி வந்தபோது ஒரு வீடும் எரிந்திருக்கவில்லை. தீயணைப்புக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் அது ஒரு வெற்றிக் கதை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20 அன்று, எரிந்த மலைச்சரிவின் மீது கோடைப் பருவமழை இறங்கியது. நீரைப் பிடித்து வைக்கச் சருகும் இல்லை, வேரும் இல்லை; சாம்பலும் சேறும் பாறையுமாக வெள்ளம் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அதே ஊரில் உள்ள வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பின்னர் இந்தத் தீயின் முழுச் செலவைக் கூட்டிப் பார்த்தார்கள். தீயணைப்பு, வெள்ளத் தடுப்புப் பணிகள், சேதமடைந்த குழாய்களும் சாலைகளும், வீட்டு மதிப்பில் ஏற்பட்ட சரிவு, போன உயிர் என்று எல்லாவற்றையும் சேர்த்தபோது 13.3 கோடி டாலர் முதல் 14.7 கோடி டாலர் வரை வந்தது. ஒரு வீடும் எரியாத, நாட்டளவில் வைத்துப் பார்த்தால் நடுத்தரமான ஒரு தீக்கு இவ்வளவு. காட்டுத்தீயின் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று பேசுபவர்கள் பெரும்பாலும் விமானமும் தீயணைப்பு வீரர்களும் தண்ணீர் லாரிகளும் தின்கிற பணத்தைத்தான் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு அது செலவின் ஒரு பகுதிதான். மீதியை நகராட்சியும் மாவட்டமும் வீட்டுக்காரர்களும் பல ஆண்டுகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

ஆகவே, காட்டை ஒட்டி வாழும் ஓர் ஊர், தன் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு விடை தேட ஃபிளாக்ஸ்டாஃப் நல்ல இடம். அந்த ஊரைச் சுற்றிலும் பல வழிகளும் முயலப்பட்டிருக்கின்றன. சில பலித்தன, சில பலிக்கவில்லை, பலித்தவையும் வடு இல்லாமல் பலிக்கவில்லை. அவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அதற்கு முன் அந்தக் காட்டைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அது பொண்டரோசா பைன் காடு. முதிர்ந்த பொண்டரோசாவின் பட்டை ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில், கனமான செதில்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது போல இருக்கும். வெயில் ஏறிய பொழுதில் மூக்கைப் பட்டையருகே கொண்டுபோனால் வெனிலா மணக்கும். அந்தக் கனத்த பட்டை தீக்கு எதிரான கவசம். பழைய மரங்கள் சிலவற்றின் அடியில் முக்கோண வடிவில் கருகிய பொந்து ஒன்று இருக்கும். அத்தகைய மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணினால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து போன தீ ஒவ்வொன்றும் ஒரு வடுவாகப் பதிந்திருப்பது தெரியும். ஃபிளாக்ஸ்டாஃப் அருகே உள்ள ஃபோர்ட் வேலி காட்டில் 1870களின் பிற்பகுதியோடு அந்த வடுக்கள் நின்றுபோகின்றன. ஆடும் மாடும் பெருமந்தைகளாக வந்து தரைப்புல்லைத் தின்று தீர்த்ததால், தவழும் தீக்கு இரை இல்லாமல் போனது; பிறகு வந்த அமெரிக்க வனத்துறை, எட்டிப் பார்க்கும் தீயை எல்லாம் அணைப்பதைக் கடமையாகக் கொண்டது. 1876இல் அங்கே ஏக்கருக்கு ஏறத்தாழ 23 மரங்கள் நின்றதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1990களில் அதே நிலத்தில் எண்ணியபோது அது பல நூறாகப் பெருகியிருந்தது. கூடுதலாக வந்தவை எல்லாம் கைத்தடி பருமனும் கால் பருமனுமான நெருக்கமான இளமரங்கள். தரையில் தவழ வேண்டிய தீ அவற்றை ஏணியாகப் பிடித்துக்கொண்டு முதிர்ந்த மரங்களின் உச்சிக்கு ஏறுகிறது. உச்சியில் ஓடும் தீயை எந்த வீரரும் எதிர்கொண்டு நிற்க முடியாது.

நம் ஊரில் சோளக்கொல்லையிலும் பருத்திக்காட்டிலும் நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுவது போல, இந்த இளமரங்களைக் கலைத்துவிட வேண்டும், பிறகு தரைத்தீயைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதில் அங்குள்ள வனவியலாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மரங்களைக் கலைத்து, அதோடு திட்டமிட்டுத் தரையையும் எரித்த இடங்களில் பிற்பாடு வரும் தீயின் கடுமை 62 முதல் 72 விழுக்காடு வரை குறைகிறது என்று மேற்கு அமெரிக்கா முழுவதிலுமிருந்து திரட்டிய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2024இல் காட்டியது. என்ன செய்வது என்பது தெரியும். யார் செய்வது, யார் பணத்தில் செய்வது, எங்கிருந்து தொடங்குவது என்பவற்றில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, இருப்பதை இருந்தபடி விட்டுவிட்டுத் தீ வரும்போது அணைப்பது. இது யாரும் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த வழி அன்று. வேறு எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக அமைந்துவிடும் வழி. 1910இல் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்த பெருந்தீ வனத்துறையின் நெஞ்சில் அச்சத்தைப் பதித்துவிட்டது. 1935இல், கண்ணில் பட்ட தீ ஒவ்வொன்றையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற விதி வந்தது. அப்படி அடக்கியதன் பலன்தான் மேலே சொன்ன மர நெருக்கம். 1985இல் அமெரிக்க மத்திய அரசு தீயணைப்புக்குச் செலவிட்டது ஏறத்தாழ 24 கோடி டாலர்; 2021இல் அது 440 கோடி டாலர். இடையில் பணத்தின் மதிப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் விலைவாசி ஏறத்தாழ இரண்டரை மடங்குதான் ஏறியது, தீயணைப்புச் செலவோ பதினெட்டு மடங்கு ஏறியிருக்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு கேடு உண்டு. வனத்துறையின் மொத்த நிதியில் தீக்குப் போனது 1995இல் 16 விழுக்காடு. 2015இல் பாதியைத் தாண்டியது. தீப்பருவம் கடுமையாகும் ஆண்டுகளில், மரம் கலைக்கவும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீர்செய்யவும் ஒதுக்கிய பணத்தைப் பாதியிலேயே எடுத்துத் தீயணைப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். நோயைத் தடுக்கும் மருந்துக்கு வைத்திருந்த காசை ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு இன்னும் பெரிய நோயோடு திரும்பி வருவது போன்ற சுழல் இது. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் இதற்குத் தடை போட்டது. 2020 முதல் கடுமையான ஆண்டுகளுக்கெனத் தனி நிதி வைக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனாலும் பல ஆண்டுகளாகத் தேங்கிப்போன வேலை மலையளவு கிடக்கிறது. மரம் கலைக்கத் தெரிந்த அலுவலர்களின் எண்ணிக்கையும் அதற்குள் குறைந்துபோய்விட்டது. மலையடிவார ஊரின் இடத்தில் நின்று பார்த்தால், முதல் வழி மலிவானது போலத் தோன்றுவதற்கு ஒரே காரணம், அணைக்கும் செலவை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதுதான். வெள்ளத்தின் செலவுக்கு ஊர்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி, காட்டை விட்டுவிட்டு வீடுகளைத் தீ தாங்கும்படி மாற்றுவது. இதற்குப் பின்னால் வலுவான அறிவியல் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது தீச்சுவர் அன்று; அதற்கு முன்னால் காற்றில் பறந்து வரும் கங்குகளே. கூரை இடுக்கிலும், காற்றுத் துளைகளிலும், சுவரை ஒட்டிக் குவிந்த சருகிலும் அவை விழுந்து பற்றுகின்றன. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காமல், கூரையை மாற்றி, துளைகளுக்கு நுண்வலை அடித்தால் வீடு பிழைக்கும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தபோது அங்கே காடே இல்லை. புல்வெளியிலிருந்து கிளம்பிய தீ வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியது. அத்தகைய ஊருக்கு மரம் கலைப்பது வீண். வீட்டைத் திருத்துவதுதான் வழி. ஃபிளாக்ஸ்டாஃபின் நிலைமை அதுவன்று. ஷுல்ட்ஸ் தீயில் வீடுகள் எரியவே இல்லை என்பதை மறக்கக் கூடாது. நுண்வலை கங்குகளைத் தடுக்கும், மலையிலிருந்து இறங்கும் சேற்றைத் தடுக்காது. ஆகவே இந்த வழியைச் செய்யத்தான் வேண்டும், ஆனால் மற்றொன்றுக்கு ஈடாக அன்று. அதற்கு மேல் இதில் வாதிட ஒன்றும் இல்லை.

மூன்றாவது வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கேட்பதற்கு அதுதான் மிகவும் அறிவுடையதாகத் தோன்றுகிறது. கலைக்கும் மரத்தை விற்றால் வேலைக்கான கூலி அதிலேயே வந்துவிடும், அரசு ஒரு காசும் போட வேண்டாம் என்பதே அதன் சாரம். அரிசோனாவின் கைபாப், கொகொனினோ, அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ், டோன்டோ ஆகிய நான்கு தேசியக் காடுகளில் 24 லட்சம் ஏக்கரைச் சீர்செய்ய 'நான்கு காடுகள் மீட்புத் திட்டம்' உருவானது. அது 2009ஆம் ஆண்டின் கூட்டு வனநில மீட்புச் சட்டத்தின் கீழ் 2010இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பத்துத் திட்டங்களில் ஒன்று. குறைந்தது 50,000 ஏக்கர் பரப்பு, பத்தாண்டுக் காலம், உள்ளூர்த் தரப்புகள் எல்லாம் சேர்ந்து தீட்டிய திட்டம், நிலத்தில் செய்யும் வேலைக்கு இந்தத் தனி நிதியிலிருந்து அதிகபட்சம் பாதிச் செலவு என்பவை அச்சட்டத்தின் முக்கிய விதிகள்.

திட்டம் தீட்டுவதில் அங்கே உண்மையான கூட்டு நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்பு வனத்துறையோடு நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்த சுற்றுச்சூழல் அமைப்புகளும், மரத்தொழில் சார்ந்தவர்களும், மாவட்ட ஆட்சிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 16 அங்குலத்துக்கு மேல் விட்டம் உள்ள மரத்தில் கோடரி படக்கூடாது என்பது ஒரு தரப்பின் நெடுநாள் கோரிக்கை. புல்வெளி இருந்த இடத்தில் பின்னால் முளைத்துப் பருத்த மரத்தையும் விட்டுவைத்தால் நிலம் மீளாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். கடைசியில், பழங்கால மரங்களைத் தொடுவதில்லை, பெரிய மரங்களைக் காப்பதே பொது விதி, எந்தெந்த நிலையில் விலக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது என்று உடன்பாடு கண்டார்கள். இத்தகைய உடன்பாடு எழுத்தில் இருந்ததால்தான் பல லட்சம் ஏக்கருக்கான சூழலியல் அனுமதி 2015இல் கிடைத்தது.

அனுமதி கிடைத்த வேகத்தில் மரம் விழவில்லை. 2012இல் வனத்துறை 3 லட்சம் ஏக்கருக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தை ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த நிறுவனத்தால் ஆலை கட்டும் முதலீட்டைத் திரட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குக் கை மாறியது. ஆண்டுகள் கடந்தும் குறிக்கோளில் மிகச் சிறு பங்குதான் முடிந்தது. இன்னும் பெரிய பரப்புக்கு இருபதாண்டு ஒப்பந்தம் போடும் இரண்டாவது முயற்சியை 2021 செப்டம்பரில் வனத்துறையே கைவிட்டது. காரணம் மரத்தின் பருமனிலேயே இருக்கிறது. தீக்கு ஏணியாகும் மரம் சந்தைக்கு ஆகாத மரம். அரிசோனாவில் பெரிய அறுப்பு ஆலைகள் பல முன்பே மூடப்பட்டுவிட்டன. கிளையும் சிம்பும் கொழுந்துமாக மிஞ்சும் கழிவை வாங்கி எரித்து மின்சாரமாக்க அந்த வட்டாரத்தில் ஸ்னோஃபிளேக் என்ற ஊரில் ஓர் ஆலைதான் இருந்தது. அங்கே கொண்டு போகும் லாரி வாடகையே சரக்கின் மதிப்பைத் தாண்டிவிடும். சந்தை தன் நோக்கில் மரத்தை எடுத்தால் பருத்ததை எடுக்கும், சிறுத்ததை விட்டுவிடும். காட்டுக்குத் தேவை அதற்கு நேர்மாறு. இது சந்தையின் குற்றம் அன்று. ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்கான விலையை மரத்தின் தலையில் கட்ட முடியாது என்பதே இதன் பொருள்.

இதற்கு நேர் எதிரான சான்று அதே மாநிலத்தில் கிழக்கே இருக்கிறது. ஒயிட் மவுன்டன் பகுதியில் 2004 முதல், மரத்தின் விலை போதாத இடத்தில் அரசு மீதியைக் கொடுத்து, குடியிருப்புகளை ஒட்டிய காட்டைக் கலைத்து வந்தார்கள். 2011இல் அரிசோனா வரலாற்றிலேயே பெரியதான வாலோ தீ ஏறத்தாழ 5,38,000 ஏக்கரை விழுங்கியபோது, ஆல்பைன் என்ற சிற்றூரை நோக்கி மர உச்சிகளில் ஓடிவந்த தீ, கலைத்து வைத்திருந்த பகுதியை எட்டியதும் தரைக்கு இறங்கியது. தரைக்கு இறங்கிய தீயை வீரர்கள் எதிர்கொண்டார்கள், ஊர் பிழைத்தது.

நான்காவது வழியாக ஃபிளாக்ஸ்டாஃப் தேர்ந்தெடுத்தது இந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். 1996இல் ஊரருகே எரிந்த தீக்களுக்குப் பிறகு அங்கே நகராட்சி, பல்கலைக்கழகம், வனத்துறை, சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இயங்கி வந்தது. ஷுல்ட்ஸ் வெள்ளத்துக்குப் பிறகு கேள்வி கூர்மையானது. ஊருக்கு மேலே டிரை லேக் ஹில்ஸ் என்ற குன்றுகள் எரிந்தால் வெள்ளம் ரியோ டி ஃபிளாக் ஓடை வழியே நகரத்தின் நடுவே பாயும். தெற்கே மோர்மன் மலை எரிந்தால் நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ பாதியைத் தரும் லேக் மேரி ஏரிக்குள் சாம்பலும் சேறும் இறங்கும். இரண்டும் பெரும்பாலும் மத்திய அரசின் நிலம். மத்திய அரசின் நிலத்துக்கு நகரத்தின் வரிப்பணமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். 2012 நவம்பரில் அதை வாக்காளர்களிடமே வைத்தார்கள்: 1 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு, தங்களுக்குச் சொந்தமில்லாத காட்டில் மரம் கலைக்கலாமா? ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

அந்தத் தொகை சரியான முதலீடா என்பதை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்காகவும் பார்க்கலாம். அந்த இரு பகுதிகளும் கடுமையாக எரிந்து வெள்ளம் வந்தால் இழப்பு 57.3 கோடி டாலர் முதல் 120 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2014இல் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. ஆதரவாளர்கள் பலர் 1 கோடிக்கு 57 கோடி மிச்சம் என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. தீ வரும் என்பது உறுதி இல்லை. கலைத்த இடத்துக்குள் ஓராண்டில் தீ வரும் வாய்ப்பு, நாட்டின் தேசியக் காடுகளைச் சராசரியாகப் பார்த்தால், நூறில் ஒன்று அளவே என்று ஆய்வுகள் சொல்கின்றன. கலைத்தலின் பலன் பத்து, பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும். ஆகவே அந்தக் காலத்துக்குள் தீ வர நூறில் பத்துக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்பு என்று கொள்வோம். வரும் தீயில் பாதிதான் கடுமையானது என்றும், கலைத்ததால் அந்த இழப்பில் பாதிதான் தவிர்க்கப்படும் என்றும் குறைத்தே வைத்துக்கொண்டால்கூட, 57.3 கோடியில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1.4 கோடி டாலர் மிஞ்சுகிறது. நகரம் போட்டது 1 கோடி. மத்திய, மாநில அரசுகளின் பங்கையும் செலவில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனால் இந்தக் கணக்கு முழுக்கக் கீழ்மட்ட மதிப்பையே எடுத்துக்கொண்டது, போகக்கூடிய உயிருக்கு விலை போடவில்லை. காட்டின் எந்த மூலையையும் கலைத்தால் இப்படி ஈடாகும் என்றும் சொல்ல முடியாது. கீழே ஒரு நகரமும் ஓர் ஏரியும் இருக்கும் சரிவில் மட்டுமே ஈடாகும். எங்கே கலைப்பது என்பது எவ்வளவு கலைப்பது என்பதைவிட முக்கியம்.

இந்த வழிக்கும் விலை உண்டு. அதை மறைப்பது அந்த ஊருக்கே அநீதி. முதலாவது, மெதுவான நடை. 2012இல் வாக்களித்தார்கள், சூழலியல் ஆய்வும் கூட்டங்களும் முடிந்து மத்திய அரசு நிலத்தில் முடிவு கையெழுத்தானது 2015இல். சரிவு செங்குத்தானது, சாதாரண இயந்திரம் ஏற முடியாமல், வெட்டிய மரத்தைக் கம்பிவடத்திலோ ஹெலிகாப்டரிலோ இறக்க வேண்டிய இடங்கள் திட்டத்தில் இருந்தன. அங்கே ஏக்கருக்கு ஆகும் செலவு சமவெளிக் காட்டைவிடப் பல மடங்கு. 2019 செப்டம்பரில், புள்ளி ஆந்தையின் பாதுகாப்பு தொடர்பான வழக்கில் நீதிமன்றம் நியூ மெக்சிகோவின் தேசியக் காடுகளிலும் அரிசோனாவின் டோன்டோ காட்டிலும் மரப்பணிகளை நிறுத்தி வைத்தது. கூட்டு மேசையில் உட்காராத ஓர் அமைப்பு தொடுத்த வழக்கு அது. மேசையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டாலும், வெளியே இருக்கும் ஒருவரால் வேலை நிற்கக்கூடும்.

அதைவிடக் கசப்பானது 2019 ஜூலை 21 அன்று நடந்தது. டிரை லேக் ஹில்ஸில் இந்தத் திட்டத்துக்காகவே வேலை செய்துகொண்டிருந்த கனரக இயந்திரம் ஒன்று பாறையில் உரசியதில் பிறந்த வெப்பம், சருகுக்குள் புகைந்து, மியூசியம் தீயாக எழுந்து ஏறத்தாழ 2,000 ஏக்கரை எரித்தது. காக்க வந்த இயந்திரமே கொளுத்தியது. அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் மழை பொய்த்ததால் ஆபத்து தள்ளிப்போனது. 2021இல் மழை பெய்தபோது சன்னிசைடு பகுதியின் தெருக்களில் வெள்ளம் திரும்பத் திரும்பப் புகுந்தது. வாக்களித்தவர்களில் சிலரின் வீட்டுக்குள்ளேயே அந்தச் சேறு போயிருக்கும். இருந்தாலும் இதை வழியின் தோல்வி என்று நான் கருதவில்லை. அந்தச் சரிவு எரியக்கூடியது, எரிந்தால் தெருவுக்குள் வெள்ளம் வரும் என்று திட்டம் சொன்ன இரண்டும் மெய் என்று அது காட்டியது. வேலை அந்தச் சரிவில் முடிந்திருக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில், வறண்ட காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் எந்த இயந்திரம் எந்த மணிவரை ஓடலாம், வேலை முடிந்தபின் எத்தனை மணி நேரம் காவல் இருக்க வேண்டும் என்பவற்றை எவ்வளவு இறுக்கமாக எழுதினாலும் தகும் என்பதையும் அதுவே கற்பித்தது.

ஐந்தாவதாக, தீயையே கருவியாகக் கொள்ளும் வழி. நம் வனத்துறையினர் கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு எரிப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அங்கே கோட்டுக்குப் பதிலாக முழுப் பரப்பையும் ஈரமும் காற்றும் பார்த்துத் தரைமட்டமாக எரிக்கிறார்கள். மரம் கலைப்பதோடு ஒப்பிட்டால் ஏக்கருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒயிட் மவுன்டன் அப்பாச்சி மக்களின் ஃபோர்ட் அப்பாச்சி நிலத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இது முறையாகத் தொடங்கிவிட்டது. 2002இல் ரோடியோ-செடிஸ்கி தீ 4,60,000 ஏக்கருக்கு மேல் எரித்தபோது, அண்மையில் எரியூட்டப்பட்டிருந்த பகுதிகள் குறைந்த சேதத்தோடு தப்பின, எரியூட்டி ஆண்டுகள் ஆக ஆக அந்தப் பலன் குறைந்தது என்று ஆய்வு காட்டியது. ஆனால் கலைக்காத அடர்காட்டில் நேராக நெருப்பு வைப்பது வேறு விஷயம். நியூ மெக்சிகோவில் 2022 ஏப்ரலில் திட்டமிட்டு வைத்த தீ ஒன்று கை மீறியது. ஜனவரியில் எரித்த மரக்குவியல் ஒன்று பனிக்கடியில் மாதக்கணக்கில் கனன்றிருந்து மற்றொரு தீயாக எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஹெர்மிட்ஸ் பீக்–காஃப் கேன்யன் தீயாகி 3,41,000 ஏக்கரை அழித்தன. இழப்பீட்டுக்கென அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டே ஒதுக்கியது ஏறத்தாழ 395 கோடி டாலர். வைக்கும் தீக்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் கை மீறுகின்றன என்பது வனத்துறையின் கணக்கு. அந்த ஒன்று எந்த ஊரின் மேல் விழுகிறதோ அந்த ஊருக்கு விகிதத்தால் ஆறுதல் இல்லை. ஆகவே ஊரை ஒட்டிய சரிவில் முதலில் கலைத்தல், பிறகே தீ என்ற வரிசை மாறக்கூடாது. தொலைவில் உள்ள காட்டில் தீயே முதன்மைக் கருவியாக இருக்கலாம்.

இவற்றை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நான்கு காடுகள் திட்டத்துக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான் முடிவுக்கு உதவுகிறது. இரண்டும் கூட்டு முயற்சிகள் என்றே அழைக்கப்படுகின்றன. முதலாவதில் தரப்புகள் பேசுவதில் கூட்டாக இருந்தன. கொடுப்பதை ஒரே ஒப்பந்தத்திடமும் சந்தையிடமும் விட்டுவிட்டன. இரண்டாவதில், எரிந்தால் யார் நட்டப்படுவார்களோ அவர்களே பணம் போட்டார்கள். போட்டதால் எங்கே முதலில் வெட்டுவது என்பதிலும், வேலை தாமதித்தால் கேள்வி கேட்பதிலும் அவர்களுக்கு உரிமை வந்தது. இது ஃபிளாக்ஸ்டாஃபில் மட்டும் கண்டதன்று. கொலராடோவில் 1996இலும் 2002இலும் எரிந்த காடுகளிலிருந்து அணைகளுக்குள் இறங்கிய வண்டலை அள்ளவும் அதைச் சார்ந்த பணிகளுக்குமாக 2.7 கோடி டாலருக்கு மேல் கொடுத்த டென்வர் குடிநீர் வாரியம், 2010இல் வனத்துறையோடு சரிபாதி போட்டு, 3.3 கோடி டாலரில் மேல்நிலக் காட்டைச் சீர்செய்ய ஒப்பந்தம் போட்டது. தண்ணீர் குடிப்பவர் காட்டுக்குக் கொடுக்கிறார்.

இந்த வழி எல்லா ஊருக்கும் எட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். டென்வர் பெருநகரம், ஃபிளாக்ஸ்டாஃப் பல்கலைக்கழகமும் சுற்றுலா வருமானமும் உள்ள ஊர். நாலாயிரம் பேர் வாழும் மலையூருக்குக் கடன் பத்திரம் வெளியிடும் வலு இல்லை. அத்தகைய ஊர்களுக்கு மாநில அரசு தன் ஆட்களைக் கொண்டு மத்திய அரசின் காட்டில் வேலை செய்ய 2014 முதல் விரிவாக அனுமதிக்கும் 'நல்ல அண்டைவீட்டார்' அதிகாரமும், தீயால் இழக்கக்கூடிய மின்வாரியமோ பாசன அமைப்போ பின்னால் திருப்பிக் கொடுக்கும் உறுதியின் மேல் முதலீட்டாளரிடம் முன்பணம் பெறும் ஏற்பாடும் ஓரளவு உதவும். கலிபோர்னியாவின் யூபா ஆற்றுப் பகுதியில் 2018இல் 15,000 ஏக்கருக்கு 40 லட்சம் டாலர் அப்படித் திரட்டப்பட்டது. ஆனால் தண்ணீரோ மின்சாரமோ எடுக்கும் பணக்கார அமைப்பு எதுவும் கீழே இல்லாத ஏழைப் பள்ளத்தாக்குகளுக்கு மத்திய அரசின் நிதிதான் கதி. அந்த நிதியைத் தீப்பருவத்தில் யாரும் தொடாமல் காப்பதே அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆகவே, மலைக்கும் நீருக்கும் கீழே இருக்கும், கொஞ்சம் வருமானம் உள்ள ஊர் ஒன்று என்னிடம் கேட்டால், முதல் பணத்தை ஊரின் குடிநீரையும் நடுத்தெருவையும் தாக்கக்கூடிய சரிவில் போடச் சொல்வேன். நூறு சதுர மைல் கனவை அப்புறம் பார்க்கலாம். பெரிய மரங்களைப் பற்றிய உடன்பாட்டை வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்கச் சொல்வேன், வழக்கமாக வழக்கு போடுகிறவர்களையும் அழைத்து. மரத்தை விற்று வரும் பணத்தை வரவில் எழுதாமல் திட்டமிடச் சொல்வேன்; வந்தால் அது மேல்வரவு. வீட்டுக் கூரைகளைத் திருத்துவதற்குத் தனியாக ஒரு தொகை. மூன்றாம் ஆண்டிலேயே, கலைத்த இடத்தில் தரைத்தீ வைப்பதற்கான பணமும் ஆளும் பனிக்காலத்துக்கு முன் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான இடங்களில் விட்டுப்போகிறது. கடன் பத்திரத்தின் பணம் ஒருமுறைதான் வரும். இளமரங்களோ ஆண்டுதோறும் முளைக்கும். கலைத்த சரிவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிக்காவிட்டால், அடுத்த தலைமுறை அதே நெருக்கத்தோடு அதே கேள்வியை மறுபடியும் சந்திக்கும். ஃபிளாக்ஸ்டாஃப் அதற்குப் பின்னாளில் ஒரு விடை கண்டது. குடிநீர்க் கட்டணத்தோடு நீர்வளப் பாதுகாப்புக்கென ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்குகிறது. மாதாமாதம் வரும் தண்ணீர் பில்லில், எத்தனை கேலன் செலவானது என்ற வரிக்கு அருகே, அந்தத் தண்ணீர் வரும் மலையைக் கலைத்து வைப்பதற்கும் ஒரு வரி இருக்கிறது.